மூடக் கூடாத போல்ட்

அக்டோபர் 28
மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. என் கணவன் ஓரின் எல்க் மான் வேட்டையிலிருந்து கொண்டுவந்த, சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைப் பட்டறையில் கழுவினேன். எல்லாவற்றிலும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம். பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. இப்படியே சுட்டால் ஒரு நாள் உறை அறுந்து, கொதிக்கிற வாயு அவன் முகத்தில் அடிக்கும். கண் போய்விடும்.

"பித்தளைன்னா அப்படித்தான் இருக்கும் ஹில்டா, விடு" என்றான். துப்பாக்கி செய்கிறவளிடமே சொல்கிறான்!

அக்டோபர் 29
மெர்ல்தான். ஓரினுக்குத் தோட்டா நிரப்பித் தருகிறவன் அவன். வெடிமருந்தை அளவுக்கு மேல் அடைத்திருப்பான். போனில் கேட்டேன்.

"நீ துப்பாக்கியில தோட்டா அறைய ஆழமா வெட்டித் தொலைச்சுட்டு என் தலையில கட்டுறியா?" என்று வைத்துவிட்டான். இவ்வளவு கோபம் எதற்கு? எதையோ மறைக்கிறான்.

அக்டோபர் 30
அளந்துவிட்டேன். இது நானே வடிவமைத்த தோட்டா. கடையில் இதற்கு அளவு பார்க்கும் கேஜ் கிடைக்காது. அறை வெட்டியபோதே இரண்டு கடைந்து வைத்தேன். ஒன்றை அறையில் வைத்தால், பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் அதன் மேல் மூட வேண்டும். ஒரு முடியளவு நீளமான மற்றதன் மேல் மூடவே கூடாது; மூடினால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். போல்ட்டில் ஊசி, கொக்கி எல்லாம் கழற்றிவிட்டு விரலால் மெல்ல அழுத்தினேன். மூடக் கூடாததன் மேலும் வழுக்கிக்கொண்டு மூடியது. திரும்பவும் மூடியது.

செப்டம்பரில் அளந்தபோது மூடாமல் நின்றதே! மெர்ல் கேஜை அரைத்துவிட்டானா? பட்டறைச் சாவி எங்கே தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். கேஜில் குறையில்லை. அப்படியானால் அறையை ஆழமாக வெட்டியது நானா?

அக்டோபர் 31
தூக்கமே இல்லை.

நவம்பர் 2
என் சிநேகிதி ஜனெல் வந்தாள். இந்தத் தோட்டாவுக்கு உலகத்தில் இரண்டே துப்பாக்கிகள். ஒன்று ஓரினுடையது. அதன் ஜோடியைப் போன வருடம் இவளுக்குச் செய்து கொடுத்தேன்.

"போல்ட் மூட மாட்டேங்குதுடி. புதுத் தோட்டா போட்டா மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

"எப்பலேருந்து?"

"வேட்டைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து."

"யாரோட போன?"

"தனியாத்தான்." கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வைத்துவிட்டுப் போ என்றேன்.

அவள் வண்டி போனதும் அவள் போல்ட்டை ஓரின் துப்பாக்கியில் போட்டேன். முதல் கேஜில் மூடியது. இரண்டாவதில் கல் மாதிரி நின்றது. அவன் போல்ட்டை அவளுடையதில் போட்டேன். அதுவும் கச்சிதம். இரண்டு போல்ட்டும் இடம் மாறியிருக்கின்றன.

நனைந்த துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவி ராத்திரி அடுப்போரம் காயவைப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். இரண்டும் ஒரே அடுப்போரம் கிடந்தால்தானே விடிந்ததும் மாறிப்போகும்? ஓரினும் தனியாகத்தான் போனேன் என்றான்.

பாவி. மெர்லைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!

நவம்பர் 3
சூப் ஊற்றும்போது கேட்டேன்.

"மலையில யாரையாவது பார்த்தியா?"

"ஒரு ஈ காக்கா இல்ல. ஏன்?" ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். இவ்வளவு சுலபமாக வருகிறது பொய். எத்தனை வருடமாக?

போல்ட்டை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தால் என்ன? நினைத்தேன். நான்தான் நினைத்தேன். வேண்டாம். அவன் கண்ணை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 4
மெர்லிடம் மன்னிப்புக் கேட்டேன். "மூளை இப்பத்தான் வேலை செய்யுதா?" என்றான். நான் காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 5
போல்ட்டுகளை அதனதன் துப்பாக்கியில் போட்டு அளந்தேன். இரண்டும் சரி. ஓரின் வேலைக்குப் போன பிறகு ஜனெல் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கையில் இரண்டு துப்பாக்கிகளையும் கொடுத்தேன்.

"போல்ட் மாறிப்போச்சு. சரி பண்ணிட்டேன். பயப்படாம சுடலாம்."

அவள் முகம் வெளிறிவிட்டது. ஓரினுடைய துணிமணிகளை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்தேன். அவை யாருடையவை என்று அவள் கேட்கவில்லை.