மீன்பெட்டியைக் கேட்டு வருகிறார்கள்

முல்லைத்தீவு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிருசாந்தினிக்கு,

உனக்கும் மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் துணை எப்போதும் இருப்பதாக. இங்கே அம்மாவும் நானும் நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். உன் தம்பி றொமேஸை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், முன்னறையில்தான் படுத்திருக்கிறான், காலில் போட்ட கம்பிகளை இன்னும் எடுக்கவில்லை. போனில் கதைக்காமல் அப்பா ஏன் பாரிசுக்குத் தபால் போடுகிறார் என்று நீ யோசிப்பாய். நீ போன் எடுக்கும் நேரங்களில் வீட்டில் யாராவது வெளியாள் நிற்கிறார்கள், அதனால்தான். எனக்கு எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் வரும், பொறுமையாக வாசி.

தம்பி வழக்கம்போலக் கரையில் மீன் வாங்கி, பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தர்மபுரம் பக்கம் விற்கப் போனபோதுதான் மணல் டிப்பர் லொறி இடித்தது. பின்னால் வந்து இடித்தது என்று தம்பி சொல்கிறான். அவன் பக்கத்துச் சிறு ஒழுங்கையிலிருந்து குறுக்கே பாய்ந்தான் என்று டிப்பர்காரர் சொல்கிறார்கள். எது உண்மை என்பதைப் பொறுத்துத்தான் இன்சூரன்ஸ் நட்டஈடு கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். அது இல்லாவிட்டால் காலில் செய்ய வேண்டிய அடுத்த ஒப்பரேசனும் இல்லை, அவன் காலம் முழுவதும் தடியோடுதான்.

டிப்பர் முதலாளி செல்வராசாவை உனக்குத் தெரியும், நீயும் அவரோடு போனில் கதைத்தாய். ஆஸ்பத்திரிக்கு அப்பிளும் சோடாவும் கொண்டு வந்தார், அம்மாவின் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். விபத்தன்று போலீசார் வருமுன்பே தம்பியின் மோட்டார் சைக்கிளைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லித் தன் கராஜுக்கு ஏற்றிவிட்டார். பிறகு அதைப் புது மட்காட்டும் புதுப் பெயின்றுமாகக் கொண்டுவந்து விட்டபோது அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. கிளிநொச்சியிலிருந்து வந்து பார்த்த எங்கள் சட்டத்தரணி கௌசலாதான் தலையில் கை வைத்தா. "ஐயா, ஆர் திருத்தச் சொன்னது? பின்பக்கம் அடிபட்டதை இனி எதைக் காட்டிச் சொல்லுறது?" என்று கேட்டா.

அவா புறப்படும்போதுதான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் கிடந்த மீன்பெட்டியைக் கண்டா. விபத்தன்று வயலுக்குள் போய் விழுந்ததை ஒரு கமக்காரர் கொண்டுவந்து தந்திருந்தார். அதன் பின்பக்கம் பம்பர் பதிந்தபடியே உள்ளே போயிருக்கிறது, டிப்பரின் சிக்னல் கண்ணாடித் துண்டுகளும் பெட்டியின் வெள்ளை நுரைப் பலகையான றெஜிபோமுக்குள் ஏறி நிற்கின்றன. கழுவவும் வேண்டாம், ஒருவருக்கும் கொடுக்கவும் வேண்டாம், வழக்குத் தவணையன்று நீங்களே கோட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றா. போனில் படம் எடுத்தா, ஆனால் வெறும் படத்தை மட்டும் காட்டினால் எங்கேயோ எடுத்தது என்று சொல்லிவிடுவார்களாம். அதனால் அந்த நாற்றம் பிடித்த பெட்டி வீட்டுக்குள் வந்தது. பிணம் வைத்த வீடு மாதிரி மணக்குது என்று அம்மா அழுகிறாள். பக்கத்து வீட்டு வீரம்மா வேலிக்கு மேலால், "கிளாக்கர் ஐயா, பென்சன் காணாமல் கருவாட்டு வியாபாரமோ?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பெட்டியைப் பற்றி நாங்கள் வெளியில் சொல்லவில்லை. ஆனால் போன கிழமை செல்வராசாவின் ஆள் கிருசாந்தன் வந்து, "அந்த மணக்கிற பெட்டியைத் தாங்கோ ஐயா, முதலாளி புதுசு தரச் சொன்னவர்" என்றான். எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எறிந்துவிட்டேன் என்றேன். அவன் போனை எடுத்து எதையோ அழுத்தினான். உன் குரல் எங்கள் முற்றத்தில் கேட்டது, பிள்ளை. "நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டம் அண்ணை, எங்கட தம்பியும் அவதிக்காரன், எல்லாத்துக்கும் அவசரம், பாராமல் திரும்பியிருப்பான்." உதவி செய்த மனிதருக்கு முன்னால் எங்கள் பக்கத்தைத் தாழ்த்திக் கதைப்பது நாங்கள் பழக்கிய மரியாதை, நீ அதைத்தான் செய்தாய், உன்னில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிவைக் கோட்டிலும் போடுவார்களாம். இனி அந்த மனிதருக்கு நன்றிகூடச் சொல்லாதே. தம்பி கதிரையில் இருந்து சிரிக்கிற படத்தை முகநூலில் போட்டிருக்கிறாய், அதைக் காட்டி அவனுக்குப் பெரிய காயமில்லை என்பார்கள், அதை அழித்தால் அதுவும் பிழையாகுமோ தெரியாது, கௌசலாவிடம் கேட்டுச் செய். புதிதாக ஒன்றும் போடாதே.

போகும்போது கிருசாந்தன் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தான். "இந்த வெய்யிலுக்கு றெஜிபோம் கெதியா நெருப்புப் பத்தும் ஐயா. தம்பியும் எழும்பி ஓட ஏலாமல் கிடக்கிறார்" என்றான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். நான் பயந்த சுபாவம் உள்ளவன், இல்லாததையும் நினைப்பவன், செல்வராசா உண்மையிலேயே நல்ல மனிதராகவும் இருக்கலாம் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நேற்று விடியக் கதவைத் திறந்தபோது வேலிப் படலைக்குள்ளே, எங்கள் வாசற்படியில், புது மீன்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஐஸ் நிறைந்திருந்தது, கொஞ்சமும் உருகவில்லை. நாய் குரைக்கவில்லை. கிருசாந்தன் வரும்போதெல்லாம் அதற்கு எலும்பு கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

பழைய பெட்டியை நான் இடம் மாற்றிவிட்டேன். எங்கே என்று இதில் எழுதவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை, கௌசலாவுக்கு மட்டும் தெரியும். பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது.

குளிர் காலம், பிள்ளைகளின் நெஞ்சைக் கவனி. இரவுச் செபத்தில் தம்பியை நினைத்துக்கொள். ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என்றாவது நான் போனில், "பெட்டியைக் குடுத்திட்டம் மகள், எல்லாம் சமாதானமாய் முடிஞ்சுது" என்று சொன்னால், ஏன் என்று கேட்காதே. நல்லது அப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, உடனே கௌசலாவுக்கு எடு. எனக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ம. ஞானப்பிரகாசம்