ஒரே பெயருக்கு இரண்டு பதில்கள்

செப்டம்பர் 6, 2025, சனி

இணைய லைன் மாற்ற ஆள் வந்து போனார். பழைய மோடத்தைக் கழற்றிவிட்டு வாசல் பக்கத்துச் சுவரில் புதியதை மாட்டினார். “பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும் சொல்லுங்க அண்ணே. இதுலயும் அதையே போட்டுடறேன், போன் எல்லாம் தானா சேர்ந்துக்கும்” என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துச் சொன்னேன். என் மனைவி ருக்சார் உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். இதற்காக நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு அரை நாள் லீவு போட்டேன். கிள்ளானில் தீபாவளிச் சேலைகள் வந்து இறங்கும் நேரம், முதலாளி முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வழக்கம் போல மலர் வந்து ஹாலில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில், “அக்கா, கிதாப் திறக்கல” என்றாள்.

மலர் அடுத்த புளோக். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. 22ஆம் தேதி அவளுக்குப் பரீட்சை. பாடப்புத்தகங்களை யார் யாரோ படித்துப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் எங்கள் உள்ளறையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது, எங்கள் வீட்டு வைஃபையில்தான் திறக்கும். அதற்குப் புத்தகம் என்று பொருள்படும் ‘கிதாப்’ என்ற பெயரை வைத்தவள் ருக்சார். தன் பார்வை மங்கத் தொடங்கிய வருடம், திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்து அவளே கட்டியது. அவள் நெட்வொர்க் எஞ்சினியர். இரண்டு வருடத்துக்கு முன் பார்வை முழுதாகப் போனது, வேலையை விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் நெட்வொர்க் பெட்டிகள் எதையும் அவள் தொடவில்லை. “அது முடிஞ்ச கதை மச்சான்” என்று ஒரு முறை சொன்னாள். அதோடு சரி.

உள்ளறையில் ருக்சார் போனில் கிதாப் திறந்தது. ஹாலில் மலர் போனில் இல்லை. மலர் போன்தான் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மலர் தம்பியின் போனைக் கொண்டுவந்தாள். அதிலும் இல்லை. ஹாலில் என் போனிலும் இல்லை.

ருக்சார் எப்போதோ எனக்குச் சொல்லியிருக்கிறாள்: கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ‘கிதாப்’ எங்கே என்று போன் கேட்டால், வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் எங்கள் ஃபயர்வால் பெட்டி உள்ளறையின் எண்ணைச் சொல்லி அனுப்ப வேண்டும். அதே பெயரை வெளி உலகில் கேட்டால் வேறு எண் வரும். வீட்டுக்கு மட்டும் என்று அவள் தனியாக எழுதி வைத்த அந்த ஒரு வரிக்கு டிஎன்எஸ் ஓவர்ரைடு என்று பெயர்.

அந்த வரியில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. அவள் தூங்கும்போது ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, திருத்தி, சேமித்தேன்.

இப்போது உள்ளறையிலும் திறக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தேன். “ஃபயர்வால ரீசெட் பண்ணிடுங்க பாஸ், புதுசு மாதிரி ஆயிடும் லா.” ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அடுப்படியிலிருந்து ருக்சார், “வேணாம்” என்றாள். ஒரே சொல். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அதுல உள்ளத எழுத எனக்கு நாலு மாசம் ஆச்சு மச்சான். கண்ணு போய்க்கிட்டு இருக்கும்போது எழுதினது” என்றாள்.

நான் கை வைத்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்னும் சொல்லவில்லை. ஏன்? திட்டுவாள் என்றா? அவள் திட்டுகிறவளே இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கடையிலிருந்து வந்தபோது ருக்சார் மேசையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு.

ஃபயர்வால் பக்கத்தைப் படிக்கும் குரல் மென்பொருள், “பட்டன், பட்டன், காலி” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. “நீங்க உக்காருங்க. கண்ணு உங்களோடது, மத்ததெல்லாம் நான்” என்றாள்.

நான் ஒரே மூச்சில் படித்தேன். நிறுத்தினாள். “முழுசா சேத்துப் படிக்காதீங்க. ஒரு கட்டத்துல என்ன இருக்கு, அத மட்டும் சொல்லுங்க. அப்பறம் அடுத்த கட்டம்.”

முதல் கட்டத்தில் பெட்டியின் பெயர் மட்டும் இருக்க வேண்டுமாம். இரண்டாவதில் வீட்டு நெட்வொர்க்குக்கு அவள் வைத்த பெயர். நான் படித்த முதல் கட்டத்தில் இரண்டும் சேர்ந்து இருந்தன, இரண்டாவதில் வீட்டின் பெயர் மறுபடியும்.

“வீட்டுப் பேரு ரெண்டு தடவ வருதே. இந்தப் பேர இந்த வீட்டுல யாரு கேக்கப் போறா? நான் இப்படி எழுதல” என்றாள்.

“நான்தான்” என்றேன். “செவ்வாக்கிழம. நீ தூங்கும்போது.”

முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“வேற எதையாவது அழிச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப சரி. மொதக் கட்டத்துல பெட்டி பேர மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுங்க. அடுத்த தடவ என்னக் கேளுங்க மச்சான். நான் தெரியாதுன்னு சொன்னாலும் கேளுங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் சற்று இறங்கியது. இரண்டு வருடமாக நான் அவளை எதுவுமே கேட்கவில்லை. கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அட, நான் ஒரு மடையன்.

உள்ளறையில் திறந்தது. ஹாலில் திறக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

மலர் வந்ததும் ருக்சார் கேட்டாள்: “நீ எப்பவும் எங்க உக்காருவ?”

“வாசப் பக்கம், சோபாவுல.”

“நான் எப்பவும் உள்ளறையில.” விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒரு பெயரைக் கேட்டால் என்ன எண் பதிலாக வருகிறது என்று வாசித்துக் காட்டும் ஒரு செயலியை மலர் போனில் போட வைத்தாள். இருவரும் உள்ளறையில் தொடங்கினார்கள். நான்கு அடிக்கு ஒரு முறை நின்று வைஃபையை அணைத்துப் போட்டு, ‘கிதாப்’ என்று கேட்டார்கள். போன் ஒரு எண்ணைச் சொன்னது. அடுப்படி வாசலிலும் அதே எண். சாப்பாட்டு மேசையிலும் அதே எண். சோபாவை எட்டியதும் வேறு எண் வந்தது.

“பின்னால வா” என்றாள் ருக்சார். பழைய எண். “முன்னால.” வேறு எண்.

சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் புதிய மோடத்தில் கை வைத்தாள். சூடாக இருந்ததாம். அதன் ஆன்டெனாக் கொம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“மச்சான், அந்த ஆளு நம்ம வைஃபை பேரக் கேட்டாரா?”

“கேட்டாரு. பாஸ்வேர்டும் கொடுத்தேன்.”

“அப்ப நம்ம வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு வைஃபை, உள்ளறையில ஃபயர்வாலோட சேர்ந்தது ஒண்ணு, இது ஒண்ணு. உள்ள இருந்தா நம்ம ஃபயர்வால் பதில் சொல்லுது. வாசப் பக்கம் வந்தா போன் தானா இதுக்கு மாறிடுது. இது ஃபயர்வாலுக்கு வெளிய நிக்குது. நான் எழுதின வரி இதுக்கு எப்படித் தெரியும்?”

எட்டு நாளாக ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவன் நான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. எனக்குப் புலப்படாதது, ஒரே நடையில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மோடத்தின் வைஃபையை மட்டும் அணைத்தோம். மலர் கேட்டுப் பார்த்தாள், திறக்கவில்லை. ருக்சார் அசரவே இல்லை. “போன் பழைய பதில ஞாபகம் வச்சிருக்கும். அணைச்சுப் போடு.” அணைத்துப் போட்டாள். சோபாவில் உட்கார்ந்தபடியே நான்காம் பாடம் ஒரு பெண் குரலில் ஆரம்பித்தது.

மலர் ருக்சார் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உங்களுக்கு இதெல்லாம் மறக்கவே இல்லையே.”

ருக்சார் சிரித்தாள். பிறகு டீ போடப் போனவள் அடுப்படியில் வெகு நேரம் நின்றாள். அழுதாளா? நான் உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம், பொது விடுமுறை. காலையில் ருக்சார் அவளாகவே ஒரு எண்ணுக்கு அழைத்தாள். சிவநேசன், அவளுடைய பழைய மேலாளர். இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் சொந்தமாக ஒரு சின்ன நெட்வொர்க் நிறுவனம் வைத்திருக்கிறார். நலம் விசாரித்த பிறகு அவள் சொன்னது, அப்படியே:

“பாஸ், திரைய என்னால படிக்க முடியாது. யாராவது ஒருத்தர் படிச்சுச் சொல்லணும். கோளாற நான் கண்டுபிடிப்பேன்.”

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மலர் பரீட்சை எழுதிவிட்டாள். “நாலாம் பாடத்துலேருந்து ரெண்டு கேள்வி அண்ணே” என்று என்னைக் கூப்பிட்டே சொன்னாள்.

செப்டம்பர் 29, திங்கள்

ருக்சாருக்கு சிவநேசன் நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் வேலை. முதல் நாள் நான் கொண்டுபோய் விட்டேன். வாசலில் கையை விடச் சொன்னாள். விட்டேன். பிரம்பைத் தட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம். கடையில் நிற்க இடமில்லை. ஐந்து மணிக்கு ருக்சார் போன் செய்தாள். பின்னால் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம், “இருங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்று அதட்டிவிட்டு மறுபடி போனில் என்னிடம் பேசினாள்.

“மச்சான், இங்க ஒரு கோளாறு இன்னும் புடிபடல. லேட்டாகும். நீங்க சாப்பிட்டுருங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்.”

சரி என்றேன். வைத்துவிட்டாள்.

அந்த நீலச் சேலையை எடுங்க என்று ஓர் அம்மா மூன்று முறை கேட்டாராம். எனக்குக் காதில் விழவே இல்லை.