கைக்குட்டைக்கு நாலு மார்க்

1946 ஜூலை 23, செவ்வாய்.

சைதாப்பேட்டையில் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எவரிடமும் பாடம் கேட்டதில்லை; பழைய கோட்டுகளைப் பிரித்துப் பார்த்தே கற்றேன். என் தையலுக்குப் பத்துக்கு நாலு மார்க்காம்!

பேத்தி வள்ளிக்குக் கைக்குட்டை ஓரம் தைத்து வரும்படி வீட்டுப்பாடம். அவள் தைத்த கோணலைப் பார்க்கச் சகிக்காமல், ஞாயிறன்று நானே பிரித்துக் கையால் தைத்துக் கொடுத்தேன். இன்று நாலு மார்க்கோடு வந்தாள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"நீங்க தைச்சதுன்னா அவளுக்கு சைபர்தான், பெரியவரே" என்றாள் தையல் டீச்சர்.

"போட்டுக்கோம்மா. என் கைத்தையலுக்கு நாலுன்னு மட்டும் சொல்லாதே."

கைக்குட்டையை மேஜையில் விரித்தாள். தையல் அடையாற்றைப் போல வளைந்து போயிற்று. என்னுடையது இல்லை.

வள்ளி முணுமுணுத்தாள்: "நீ தெச்சத்த பிரிச்சிட்டு நானே தெச்சேன் தாத்தா. நீயே தெச்சிக்கினு இருந்தா எனக்கு எப்ப வரும்?"

டீச்சர் சைபர் போடப் பேனாவை எடுத்துவிட்டாள். "நான் சொன்னது தப்பு. இது என் தையல் இல்லை" என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

அதோடு விட்டேனா? ஒன்பது வயதுப் பெண் மூலையை இவ்வளவு நேர்த்தியாக மடித்தால் ஆறு மார்க்காவது போட வேண்டாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள் டீச்சர். பள்ளிக் கதவைச் சாத்தும் வரை கேட்டேன். நாலேதான்.

அந்த மூலையை அவள் சரியாகப் பார்க்கவில்லை. நாளைக் காலை, நல்ல வெளிச்சத்தில் காட்டுகிறேன்.