மீன் தலைப் படம்

இக்மலின் சாப்பாட்டுக் கடைக்கு மெனு அட்டை செய்து கொடுப்பது அவன் மனைவி லைலாதான். மூன்று நாளாக அவள் அவனோடு பேசவில்லை. இன்று காலை அவன் குளிக்கப் போனபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகுக்கு நேரமாகிவிட்டதால் மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்.

“மச்சான், நாசி லெமாக் மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்க. சாவி செருப்பு அலமாரி மேல.

திங்கக்கிழமை நான் அனுப்பினது கிளினிக்ல எடுத்த ஸ்கேன். எதுல திறக்கட்டும்னு போன் கேட்டப்ப நீங்க என்னைக்கோ ‘எப்போதும்’னு அமுக்கினதால, எந்த பிடிஎஃப்ப தொட்டாலும் நம்ம கடை மெனு ஆப்தான் திறக்குது. அது ஸ்கேனைக் காட்டத் தெரியாம பழைய மெனுவைக் காட்டியிருக்கு. நீங்களும் ‘தலை சரியா விழல, வேற படம் போடு’ன்னு எழுதிட்டீங்க. நம்ம பிள்ளையச் சொல்றீங்கன்னு அழுதுட்டேன்லா. மெனுவுல இருக்குற மீன் தலைக் கறிப் படத்தச் சொன்னீங்கன்னு இப்பத்தான் தெரியுது.

செட்டிங்ஸ்ல அத எடுத்துட்டேன். இனிமே எதுல திறக்கட்டும்னு கேட்டா ‘ஒருமுறை மட்டும்’ அமுக்குங்க.”

கீழே இடம் இல்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

“நீங்களே பார்க்கணும்னுதான் வாயால சொல்லல. இப்பப் பாருங்க. ரெண்டு தலை தெரியும். அது ஆப் கோளாறு இல்ல, மச்சான்.”