மூச்சை விடச் சொல்ல மறந்தவர்

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தானின் மூளையைத் தவிர. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மனுஷனுக்கு நிதித்துறைக்கு மாற ஆசை. நீ மூன்று கட்டமாக எழுதினாயே, அதே பரீட்சைக்குப் படிக்கிறார். சோபா வாங்கலாம் என்றேன். "வாங்கின நாள்லேருந்து மதிப்பு இறங்கற சொத்தும்மா அது" என்றார். நானும் அப்படித்தானா என்று கேட்டேன். யோசித்தார் தம்பி, யோசித்தார்!

போன வாரக் கூத்தைக் கேள். ஒரு பெரியவரை மெஷின் முன்னால் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றிருக்கிறார். படம் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஏதோ சூத்திரம் ஞாபகம் வர, அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நின்றுவிட்டார். "விடுங்க" என்று சொல்ல வேண்டாமா? பாவம், சொன்ன சொல் தட்டாத மனுஷர் அந்தப் பெரியவர். விழி பிதுங்கிப்போய் சுவரைத் தட்டியிருக்கிறார். பெரிய டாக்டர் இவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. இப்போது வீம்புக்கு, மாதக் கடைசியில் வேலையை விடப்போகிறாராம். முதல் கட்டம் பாஸான தைரியத்தில் ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். "வெளிய உட்கார்ந்திருக்கறவங்க எல்லாரும் அது பாஸ்தான், உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். எந்த எக்ஸ்ரே மெஷின் அடிக்கடி படுத்துவிடும், எதை ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபடி வாங்க மாட்டார்கள் என்று இவர் அளந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார்களாம். மருத்துவக் கருவிக் கம்பெனிகளை ஆராய ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம், அதுவரை இருக்கிற வேலையை விடாதீர்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். இவர் காதில் 'கூப்பிடுகிறோம்' மட்டும்தான் விழுந்தது.

நான் சொன்னால், "உனக்கென்ன தெரியும், மச்சான் சொல்லட்டும்" என்கிறார். மூன்றும் முடித்தால் வேலை வாசல் தேடி வரும் என்று சொன்னவன் நீதானே? நீ முடித்து ஒரு வருஷமாகிறது. இன்னும் அதே காப்பீட்டு ஆபீஸில், புகார் கேட்கிற நாற்காலியில்தான் இருக்கிறாய். போன் பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்களே, எனக்கென்ன காது செவிடா?

அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. படிப்பு வீண் என்று சொல்லாதே, அது மட்டும் போதாது என்று சொல். உன் மானம் போய்விடும் என்று பயப்படாதே. நீ பாஸான அன்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். இன்றைக்கும் அடிப்பேன். அழ வேண்டுமென்றால் முதலில் என்னைக் கூப்பிட்டு அழுதுவிட்டு, பிறகு அவரிடம் பேசு, கண்ணா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா