மன்னிக்கப்பட்ட படகு

ஆகஸ்ட் 5, 1979. ஞாயிறு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் சபைக்கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். ஜெபம், பிறகு நீண்ட மௌனம். ஒருவர் பேசினால் மற்றவர் குறுக்கிடக் கூடாது. கடைசிச் சொல்வரை கேட்க வேண்டும். என் மைத்துனன் ஆபிசாய், மன்னிப்புக் கேட்கும் முறைப்படி, யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டு ஒன்றைப் பானக் கிண்ணத்தின் முன் வைத்துவிட்டு அழுதான். அவன் ஓட்டும் படகின் அடிப்பலகை உளுத்துவிட்டதாம். மாற்றுவதற்காகத் தலைநகர் சுவாவிலிருந்து வந்த பலகைகளை, மிச்சம் என்று பொய் சொல்லி, இந்தக் கூடத்தின் தரைக்குக் கொடுத்துவிட்டானாம். நல்ல பெயருக்காக. உளுத்த இடத்தில் சிமெண்டைப் பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறான்.

ஊர்த்தலைவர் நெமானி வேர்க்கட்டைத் தொட்டார். "ஏத்துக்கிட்டோம். இதோட புதைச்சாச்சு."

எல்லோரும் சம்மதம் என்று கையைக் குவித்துத் தட்டினோம். நானும்தான். புதைத்ததை இனி யாரும் தோண்டக் கூடாது என்பது முறை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வேரை இடித்துக் கரைத்த பானம் சிரட்டையில் சுற்றி வந்தது, குடித்தோம். அவன் கொடுத்த பலகைமேல்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 7

ஒன்பது வருஷத்துக்கு முன் பள்ளிக் குழுவிடம் என்னைச் சண்டைக்காரன் என்று சொல்லி, எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் வேலையைக் கெடுத்தவன் இவன்தான். அதற்கு எந்த வேர்க்கட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 9

படகு துறையில் நிற்கிறது. ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே இறங்கினேன். சிமெண்டின் ஓரத்தில் பேனாக்கத்தியை வைத்தேன். பிடிவரை போயிற்று. அழுத்தவே இல்லை.

ஆகஸ்ட் 11

மாதக் கடைசியில் பெண்கள் பாடகர் குழு அதே படகில் சுவாவுக்குப் போகிறது. முப்பத்தெட்டுப் பேர். அதில் என் மனைவி உனைசியும். போகாதே என்றேன், கத்தியைப் பற்றியும் சொன்னேன். அவள் வெள்ளை உடைக்கு இஸ்திரி போடுவதை நிறுத்தவில்லை.

"அண்ணன்மேல இருக்கிற காட்டத்தை என்கிட்ட காட்டாதீங்க. அது புதைச்ச விஷயம். நீங்களும்தானே கை தட்டுனீங்க?"

தட்டினேன்.

ஆகஸ்ட் 12. ஞாயிறு

மறுபடி வட்டம். என் முறை வந்தது. முறையை மீறிப் படகைப் பற்றிப் பேசினேன். யாரும் குறுக்கிடவில்லை. இருபது பேரும் தலை குனிந்து, மூச்சு விடும் ஓசைகூட இல்லாமல் கேட்டார்கள். அவ்வளவு நன்றாகக் கேட்டார்கள். பிறகு நெமானி, "வாத்தியார் மனசுல இன்னும் கசப்பு இருக்கு. அவருக்காக ஜெபிப்போம்," என்றார்.

ஜெபித்தார்கள். எனக்காக.

வெளியே ஆபிசாய் என் தோளில் கை போட்டான். "என்ன மச்சான், நீச்சல் மறந்துபோச்சா? பயமா இருந்தா கரையில நின்னு கை காட்டு. பொம்பளைங்க பாடிக்கிட்டே போயிருவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானை மச்சான் கேலி செய்யலாம். அதுவும் முறைதான்.

ஆகஸ்ட் 13

தென்கிழக்குக் காற்று. நிற்கவில்லை.

ஆகஸ்ட் 15

சுவாவில் கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரிக்கு எழுதி முடித்தேன். வானொலித் தொலைபேசி நெமானி வீட்டில் இருக்கிறது. அவர் காதில் விழாமல் ஒரு சொல் பேச முடியாது. கடிதம்தான் வழி. நாளைக் காலை படகு கொப்பரை ஏற்றிக்கொண்டு சுவாவுக்குப் போகிறது. அதிகாரி அங்கேயே அதை நிறுத்திவிட்டால் பெண்களை ஏற்றத் திரும்பி வராது.

அஞ்சல் பையும் அந்தப் படகில்தான் போக வேண்டும். இந்தத் தீவுக்கு வேறு படகு இல்லை. ஆபிசாயும் இன்னும் நான்கு பேரும் போகிறார்கள். இந்த ஒரு தடவை தாங்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் — அவனுக்காகவா, கடிதத்துக்காகவா, தெரியவில்லை.

கீழே பெயரை எழுதினேன். பிறகு அடித்தேன். பெயர் இருந்தால் நெமானிக்கு எப்படியும் தகவல் வரும். உனைசி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். போகட்டும் என்று எழுதத்தான் கை வருகிறது, மனம் வரவில்லை. கை தட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் கடிதத்தில் சேர்க்கவில்லை.

வேறு தாளில் சுத்தமாக எழுதி உறையை ஒட்டிவிட்டேன். பெயரில்லாமலே போடுகிறேன்.