போக்குவரத்துச் செலவு: பூச்சியம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. நேற்றுத் தோய்த்த உடுப்பு இன்னும் காயவில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை குறைவு. பக்கத்து மேசை வதனி என் போனில் செலவு எழுதும் செயலி ஒன்றை இறக்கித் தந்தாள். வகைக்கு வகை மாத எல்லை வைக்கலாம். தாண்டினால் சிவப்பு.

"அண்டண்டைக்கே போட வேணும் அக்கா. பிறகு எண்டால் மறந்துபோம். அண்ணையின்ரை போனிலையும் போட்டுவிடுங்கோ, ரெண்டு பேரின்ரையும் ஒரே கணக்கிலை விழும்."

மகள் ஷாமினியின் கடைசித் தவணைக் காசு ரூ. 85,000. கொழும்பில் தாதியர் படிப்பு, தனியார் கல்லூரி. மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். கையில் 41,000.

பின்னேரம் இவரின் போனிலும் போட்டேன். வரவில் என் சம்பளம், போன கிழமை இவர் கொண்டுவந்து தந்த சம்பளம். செலவில் சாப்பாடு, கரண்ட், போன், மருந்து, காணிக்கை, போக்குவரத்து, மற்றவை. போக்குவரத்துக்கு 6,000, இவர் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போய்வர. எனக்குச் சைக்கிள். இவருக்குச் சைக்கிள் பஸ் தரிப்பு வரைக்கும்தான்.

"ஓம், போடுறன்," என்றார்.

நவ. 7, வெள்ளி

மழை விட்டது. கத்தரிக்காய் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். முருங்கையிலை சுண்டல்.

மூன்று நாளில் தெரிந்தது: பிஸ்கற்றுக்கு இவ்வளவு போகிறதா? இனி இல்லை. ஷாமினிக்குப் போடும் போன் காட்டும் பாதி.

இவர் ஒழுங்காகப் போடுகிறார். சவர பிளேட் கூட. ஒவ்வொரு நாளும் "தேநீர், வடை 150".

"வெளியிலை தேத்தண்ணி குடிக்கிறதைக் கொஞ்சம் குறைக்கலாம்தானே?"

"சரி."

நவ. 10, திங்கள்

முதல் கிழமை அறிக்கை வந்தது. சாப்பாடு மஞ்சள். மருந்து சிவப்பு (என் பிறஷர் குளிசை). போக்குவரத்து பச்சை, பூச்சியம்.

வதனி எட்டிப் பார்த்தாள். "போக்குவரத்திலை வடிவா மிச்சம் பிடிச்சிருக்கிறியள் அக்கா."

எனக்கும் சந்தோசம். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. நாளுக்கு இரண்டு பஸ் போக, இரண்டு பஸ் வர. பிளேட் எழுதுகிறவர் பஸ் காசை மறப்பாரா? மற்றவையில் இவரின் சைக்கிள் ரியூப் ஒட்டினது இருக்கிறது. 100.

தேநீர், வடை வெள்ளியோடு நின்றுவிட்டது.

கேட்கவில்லை.

நவ. 11, செவ்வாய்

இவரின் சேட்டில் மண்ணிறக் கறை. தேசிக்காய் போட்டும் போகவில்லை. வாழைக்கறை. காங்கேசன்துறையில் இவர் பார்ப்பது சீமெந்தும் கம்பியும் அடுக்கும் களஞ்சியம். அங்கே ஏது வாழை?

தலையிடி. பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பில் இரண்டு பிழை விட்டேன். அதிபர் திருப்பி அனுப்பினார்.

நவ. 12, புதன்

ஐந்தரைக்கு வந்தார். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் எங்கை போய்வாறியள்?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர்வேலிக்கு. வாழைக்குலை லொறியிலை ஏத்திற வேலை. சைக்கிளிலை."

"எப்ப தொடக்கம்?"

"ஒக்ரோபர் தொடக்கத்திலை. களஞ்சியத்திலை ஆள் குறைச்சவை. பதினொரு பேரை நிப்பாட்டிப்போட்டினம்."

"அப்ப நீங்கள் தந்த சம்பளம்?"

"காப்பு ரெண்டையும் ஈடு வைச்சனான்."

ஷாமினிக்கென்று வைத்த காப்பு. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். பெட்டி இருந்தது. உள்ளே வெறும் பஞ்சு.

கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. பொய்க்கணக்கு என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் நிமிர்ந்தார்.

"சம்பளம் எண்டு நீர்தானே போட்டனீர். நான் ஒரு பொய்யும் போடேல்லை. பஸ்ஸிலை போகாமல் பஸ் காசு எண்டு எப்பிடிப் போடுறது?"

ஐம்பத்துநான்கு வயது. காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுக் குலை தூக்கினார்? அந்த வடையையும் நான்தான் நிறுத்தினேன்.

நவ. 14, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் முற்பணம் கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார்கள். இவர் பழைய இடத்தில் நிலுவைச் சம்பளம் கேட்டுப் போனார். படலையிலேயே திருப்பி விட்டார்களாம்.

செயலியில் வரவு வகையை மாற்ற வேண்டும் என்றார். சம்பளத்தை அழித்துவிட்டு "கூலி" என்று தானே தட்டினார். எழுத்துத் தேடி நேரமெடுத்தது.

நவ. 16, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. வந்து ஷாமினிக்குப் போன் எடுத்தேன். முழுவதும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அம்மா, கல்லூரியிலை கேட்டுப் பாத்தனான். காசு கட்டாமல் சோதினை எழுத விடாயினமாம். அடுத்த வருசம் வாற பிள்ளையளோடை சேரலாமாம்."

"நீ முதலே கேட்டுப்போட்டியே?"

"நீங்கள் போன் காட்டைக் குறைச்சதிலையே விளங்கிச்சுது. நான் வாறன்."

அறை வாடகையாவது மிஞ்சும் என்று எனக்குள்ளே கணக்கு ஓடியது. அந்த நேரத்திலும்.

நவ. 21, வெள்ளி

தூறல். ஷாமினி விடிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். இவர் போய்ப் பையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நடந்து வந்தார்கள்.

பாண், சம்பல். சாப்பிடும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கையைக் காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ எண்டுறன்."

உள்ளங்கை இரண்டும் வெடித்து, ஒன்றில் சீழ். ஒரே வீட்டில் இருந்தும் நான் காணவில்லை. சுடுதண்ணீர் வைக்கச் சொன்னாள். கழுவி, துடைத்து, பையில் இருந்த துணி எடுத்துக் கட்டினாள். ஒரு சுருக்கமில்லை. அப்படிக் கட்டப் பழகியிருக்கிறாள்.

"ஒரு கிழமைக்குத் தண்ணியும் படக்கூடாது, பாரமும் தூக்கக்கூடாது."

"ஓம்," என்றார்.

சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பத்து மணிக்குக் குலை ஏற்ற ஒரு லொறி இருக்கிறதாம். ஷாமினி தண்ணீர்ச் சட்டியோடு வாசலில் நின்றாள்.